உரித்த சுவர்

ஆகஸ்ட் 4, திங்கள்

காலையில் ஷட்டரைத் தூக்கும்போதே மூக்கைப் பொத்திக்கொண்டுதான் தூக்கினேன். எவனோ ஒரு பரதேசி மறுபடியும் கட்டடத்து மூலையில் ஒதுங்கிவிட்டுப் போயிருக்கிறான். சாமி படம் போட்ட டைல்ஸ் ஒட்டினால் அடங்குவான்கள் என்றார்கள். பிள்ளையார், மாதா, மக்கா என்று வரிசையாக ஒட்டினேன். இப்போது சாமிகளுக்கு ஒரு முழம் தள்ளி நின்று போகிறான்கள். பக்திதான்.

உள்ளே வந்தால் மாடியிலிருந்து மீன் கழுவின தண்ணீர் ஒழுகி, புதுத் தார்ப்பாய்க் கட்டு மேலே சொட்டியிருக்கிறது. மாடியில் மெஸ் நடத்துகிற தேசம்மாவிடம் எத்தனை தடவை சொல்வது? இந்தப் பாரிமுனைச் சந்தில் கயிறும் தார்ப்பாயும் விற்று, கடைசியில் சங்கரா மீன் வாசத்தோடுதான் வீட்டுக்குப் போகிறேன். பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவன் எழுந்துபோகிறான்.

மத்தியானம் மேலே போய்ச் சத்தம் போட்டேன். "இன்னா அண்ணாச்சி, வர்றப்பவே கொதிக்கிற, குந்து மொதல்ல" என்றாள். நெத்திலிக் குழம்பு. புளி ஒரு பிடி கூடுதல். இரண்டு தடவை சோறு வாங்கினேன், பசி.

ஆகஸ்ட் 7, வியாழன்

ஓனர் வீட்டு ஹரிகிருஷ்ணா வந்தான். கட்டடத்தைக் கட்டின ரங்கய்யாவின் கொள்ளுப்பேரன். அவன் அப்பா இருந்தவரை வருஷத்துக்கு ஒரு தடவை வந்து மூக்கைச் சுளித்துவிட்டுப் போவார். இவன் வெளிநாட்டில் படித்தவன், சிரித்துக்கொண்டே வருகிறான். கூட ஒரு டிசைனர் பெண், மிருணாளினி. காதில் தோடு என்ற பெயரில் ஏதோ மரச்சில்லு.

அந்தப் பெண் முன்சுவர்ப் பக்கம் போய், பூச்சு பெயர்ந்த இடத்தில் நகத்தால் சுரண்டிப் பார்த்து, "அய்யோ அங்கிள்! உள்ள எவ்ளோ அழகா பிரிக் இருக்கு! இதப் போய் இத்தன வருஷமா மறைச்சு வச்சிருக்கீங்களே!" என்றது. நான் என்னவோ கடத்தல் பொருளைப் பதுக்கினாற்போல.

கீழே கஃபே, மேலே மெஸ் போகக் காலியாகக் கிடக்கிற அறைகளில் என்னவோ ஸ்டுடியோவாம். சுவரெல்லாம் பூச்சை உரித்துச் செங்கல் தெரிகிற மாதிரி விடப்போகிறார்களாம். இப்போது ஊரில் எல்லாப் பணக்காரனுக்கும் செங்கல் பார்க்கிற வியாதி வந்திருக்கிறது. மண் வீட்டில் பிறந்தவன் எவனும் செங்கல்லைப் பார்த்து வாயைப் பிளக்க மாட்டான்.

வாசலில் மாட்டுகிற போர்டுக்காகக் கட்டடத்தின் சரித்திரம் வேண்டுமென்று என்னைக் கேட்டது. சொன்னேன். துறைமுகம் வந்த பிறகுதான் இந்தச் சந்துகளில் கூரைக் கொட்டகையெல்லாம் போய்ச் செங்கல் கட்டடம் எழும்பியது. அதுவும் ஆசைப்பட்டுக் கட்டியதில்லை. தோல் மண்டியும் பருத்திக் கிடங்கும் அடிக்கடி பற்றி எரிந்தன, அதற்குப் பயந்து கட்டியது. கீழே கிடங்கு, மேலே கணக்கப்பிள்ளை உட்காருகிற இடம், முன்பக்கம் வளைவு வளைவாக வராந்தா. பெரிய வெள்ளைக்காரக் கம்பெனிகள் பளபளவென்று சிவப்புக் கல்லை வெளியே காட்டிக் கட்டின. நம் வியாபாரிகளுக்கு அவ்வளவு தாராளம் கிடையாது. வடக்கே ஆற்றங்கரைச் சூளையிலிருந்து கால்வாய் வழியாகப் படகில் வந்த மெல்லிசு நாட்டுக்கல்லை வைத்துக் கட்டி, மேலே சுண்ணாம்பு பூசி மூடிவிட்டார்கள்.

எல்லாவற்றையும் அந்தப் பெண் போனில் ரெக்கார்ட் செய்துகொண்டது. டீ வாங்கிக் கொடுத்தேன். இரண்டு வாய் குடித்துவிட்டு டம்ளரை என் நைலான் கயிற்றுக் கட்டு மேலேயே வைத்துவிட்டுப் போயிருக்கிறது. அதில் எறும்பு.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

போர்டில் எழுதப்போவதைப் படித்துக் காட்டினார்கள். செங்கல் இங்கிலாந்திலிருந்து கப்பலில் வந்ததாம்! ரங்கய்யா ஒவ்வொரு கல்லையும் தன் கையால் தொட்டுப் பார்த்து வாங்கினாராம்!

"தம்பி, இது படகுல வந்த கல்லுன்னு அன்னைக்கே சொன்னேனே."

"அங்கிள், படகுன்னா ஃபீல் வரல. கப்பல்னா கேக்க நல்லா இருக்குல்ல?"

கேட்க நல்லாத்தான் இருக்கிறது. புளுகு எப்போது கேட்க நன்றாக இல்லாமல் இருந்திருக்கிறது?

அப்பா இந்தக் கடையை எடுத்தபோது சொன்னதை இங்கே எழுதிவைக்கிறேன். இது வேக்காடு பத்தாத கல். விறகை மிச்சம் பிடித்த சூளையில் வெந்தது. தண்ணீர் பட்டால் ரொட்டி மாதிரி ஊறும். சுண்ணாம்புதான் இதற்குத் தோல், தோலை உரித்தால் பிழைக்காது என்பார். அதனால்தான் போகிக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை குடியிருக்கிற கடைக்காரர்கள் எல்லோரும் சேர்ந்து முன்சுவருக்குக் கிளிஞ்சல் சுண்ணாம்பு அடிப்பது என்று இந்தக் கட்டடத்தில் ஒரு வழக்கம். சுண்ணாம்பு ஓனருடையது, கை நம்முடையது. ஒவ்வொருவராகக் காலி செய்துகொண்டு போய், இப்போது நானும் தேசம்மாவும்தான் மிச்சம். நான் ஏணியில் ஏறுவேன், அவள் பிடித்துக்கொள்வாள். நம்பி ஏற முடியாது. பாதிக் கவனம் மேலே உலையில் இருக்கும்.

இதை அந்தப் பெண்ணிடம் சொல்லவில்லை. அது கேட்கவும் இல்லை.

செப்டம்பர் 2, செவ்வாய்

ஹரிகிருஷ்ணா தனியாகக் கூப்பிட்டுப் பேசினான். என் கடை இருக்குமாம். எடுக்கவே மாட்டானாம். கஃபேக்கு வருகிறவர்கள் பார்க்கிற மாதிரி அதை அப்படியே வைத்திருப்பானாம். அப்பா படத்தைப் பெரிசாக்கி வாசலில் மாட்டப்போகிறானாம். "நீங்கதான் அங்கிள் இந்த பில்டிங்கோட சோல்" என்றான். சோல் என்றால் ஆன்மா. மூத்திரச் சந்தில் நாற்பது வருஷம் உட்கார்ந்தவன் இன்று ஆன்மா ஆகிவிட்டேன். கருமம்.

"சுவரை உரிக்கறதுல பிரச்சன ஒண்ணும் இல்லல்ல அங்கிள்? உங்களுக்குத்தான் இந்த பில்டிங்கப் பத்தி எல்லாம் தெரியும்."

நான் அப்பா படத்தைப் பற்றிக் கேட்டேன். கறுப்பு வெள்ளைப் படம்தான் இருக்கிறது என்றேன். அதுதான் அழகு என்றான்.

என்னையும் கல்லாவில் உட்காரவைத்துப் படம் எடுத்தார்கள். சட்டை அழுக்காக இருந்தது, அதனால்தான் மாற்றிக்கொண்டேன்.

செப்டம்பர் 3, புதன்

தேசம்மா கடைக்கு இறங்கிவந்தாள். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டே நின்றாள். வந்தால் நேராகப் பேசுகிறவள், இன்று கயிற்றுக் கட்டைத் தடவிப் பார்க்கிறாள். பிராட்வே பின்னால் ஒரு இடம் வந்திருக்கிறதாம். கீழ்த்தளம். அடுப்புக்குத் தனி இடம், குழாய் உள்ளேயே. லோடுமேன்கள் அங்கேயும் வருவார்கள். நாளைக்குள் முடிவு சொல்ல வேண்டுமாம்.

"எனக்கு இங்கேயே பழகிப்போச்சி. ஆனா சொவத்த உரிக்கப் போறானுங்களாமே. மேல அடுப்பு, அண்டா, நாலு பேரு சாப்புட குந்தறானுங்க. எதுனா ஆவுமா? நீ தெரிஞ்சவன். உள்ளத சொல்லு அண்ணாச்சி, நீ சொல்றத வச்சித்தான் நான் முடிவு பண்ணப் போறேன்."

"ஒண்ணும் ஆகாதும்மா. நான்தான் இருக்கேம்லா."

"அப்போ போவத் தேவயில்ல?"

"எதுக்குப் போணும்? அங்க போயி யாரு உன் புளிக்குழம்பைத் திம்பா?"

சிரித்தாள். வெற்றிலைக் கறை படிந்த பல். பார்க்கச் சகிக்காது.

மத்தியானம் வஞ்சிரம். நடுத்துண்டை எனக்கு எடுத்து வைத்திருந்தாள். மற்றவர்களுக்கெல்லாம் வால்தான். ஒரு லோடுமேன் முறைத்தான். உப்பு கொஞ்சம் கம்மி.

செப்டம்பர் 15, திங்கள்

உரிக்க ஆரம்பித்துவிட்டார்கள். மெஷின் சத்தத்தில் பல் கூசுகிறது. நூறு வருஷத்துச் சுண்ணாம்பு, அரைத்துக் குழைத்துச் சங்கு மாதிரி வழவழப்பாகத் தேய்த்தது, பாளம் பாளமாக விழுகிறது. லாரியில் அள்ளிக்கொண்டு போகிறான்கள். உள்ளே இருக்கும் கல், உரித்த கோழி மாதிரி தெரிகிறது. அந்தப் பெண் அதைப் பார்த்து, "நேக்கட் பியூட்டி" என்றது. எனக்குத் துண்டை எடுத்துப் போர்த்த வேண்டும் போலிருந்தது.

செப்டம்பர் 16, செவ்வாய்

எல்லாம் தூசி. சோற்றில் கரகரவென்று செம்மண். தேசம்மா பிராட்வே இடத்தை வேண்டாம் என்று சொல்லிவிட்டாளாம்.

அக்டோபர் 1, புதன்

ஆயுத பூஜை. தராசுக்கும் கத்திரிக்கும் பொட்டு வைத்தேன். பூசணிக்காய் உடைக்க வெளியே வந்தால், சுவர் முன்னால் கல்யாண ஜோடி ஒன்று போட்டோ எடுத்துக்கொண்டிருக்கிறது. மாப்பிள்ளை சுவரில் சாய்ந்து நின்று விலகினால் வெள்ளைக் கோட்டு முதுகெல்லாம் செங்கல் மாவு. "ஸோ ஆத்தென்டிக்!" என்கிறாள் பெண். சுவர் உதிர்கிறதை இப்படி ரசிக்கிற ஜனத்தை நான் பார்த்ததில்லை.

யாரும் இல்லாதபோது விரலால் தேய்த்துப் பார்த்தேன். நகக்கண்ணில் பொடி. மறுபடி தேய்க்கவில்லை.

அக்டோபர் 6, திங்கள்

சுவர் உதிர்வது அந்தப் பெண்ணுக்கும் தெரிந்திருக்கிறது போலிருக்கிறது. இடுக்கெல்லாம் சிமெண்ட் அடைத்து, மேலே ஏதோ கண்ணாடி மாதிரி வார்னிஷ் அடித்தார்கள். இப்போது சுவர் எண்ணெய் வழிகிற முகம் மாதிரி மினுமினுக்கிறது. நாற்றம் வேறு. தலைவலி.

அக்டோபர் 17, வெள்ளி

ராத்திரியெல்லாம் மழை. காலையில் சுவரில் வார்னிஷுக்கு உள்ளே உப்புப் பூத்திருக்கிறது, தோல் வியாதி மாதிரி வெள்ளை வெள்ளையாக. தண்ணீர் உள்ளே போகிற வழி தெரிந்து போய்விட்டது, வெளியே வருகிற வழியை வார்னிஷ் அடைத்துவிட்டது.

தேசம்மா மேலே கூப்பிட்டுக் காட்டினாள். அடுப்புக்குப் பின்சுவர், அதாவது தெருப் பக்கத்துச் சுவர், ஈரத்தில் கறுத்து, நடுவில் லேசாகப் புடைத்திருக்கிறது.

"தொட்டுப் பாரு, சில்லுனு கீது."

"மழைக்கு அப்படித்தான் இருக்கும்."

"போன வருச மழைக்கு இல்லியே?"

ஹரிகிருஷ்ணாவிடம் சொல்கிறேன் என்றேன். கீழே வந்து போனை எடுத்தேன். சார்ஜ் இல்லை.

அக்டோபர் 18, சனி

போனில் சார்ஜ் இருந்தது. தீபாவளிக் கூட்டம். பட்டாசுக் கடை போடுகிறவர்கள் தார்ப்பாய்க்கு வரிசையில் நிற்கிறார்கள். நேரமில்லை.

நவம்பர் 11, செவ்வாய்

ஞாயிற்றுக்கிழமை நானாகவே பெரிய நீலத் தார்ப்பாய் ஒன்றை எடுத்து, மாடி விளிம்பிலிருந்து முன்சுவர் மறையக் கட்டிவிட்டேன். சாக்கடை ஓரத்தில் செருப்புப் போடாமல் நின்று முடிச்சுப் போட்டேன். தேசம்மா மேலிருந்து கயிறு பிடித்தாள். "இப்பத்தான் எனக்கு உசுரே வந்துச்சி அண்ணாச்சி" என்றாள்.

இன்று அந்தப் பெண் வந்து தாம்தூம் என்று குதித்தது. பத்திரிகைக்காரர்கள் படம் எடுக்க வருகிறார்களாம். நீலப் பிளாஸ்டிக் போர்த்தின கட்டடத்தை எப்படிப் படம் எடுப்பதாம். ஹரிகிருஷ்ணா போனில், "அங்கிள், நீங்களே இப்படிப் பண்ணலாமா? உங்க அப்பா படம் ரெடி ஆயிடுச்சு, பாத்தீங்களா?" என்றான்.

பார்த்தேன். ஆள் உயரத்துக்கு இருக்கிறது. அப்பா இவ்வளவு கம்பீரமாக இருந்ததை நான் கண்ணால் கண்டதில்லை.

தார்ப்பாய் என்னுடையதுதானே, கழற்றுவதில் என்ன இருக்கிறது. கழற்றிவிட்டேன். போட்டோக்காரன் வாயிலிருந்து சிகரெட்டை எடுக்காமலேயே படம் எடுத்தான். துண்டை என் வாசலில் போட்டு மிதித்துவிட்டுப் போனான். நாகரிகம் கெட்ட ஜென்மம்.

தேசம்மா வராந்தாவில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். இன்று குழம்பு எப்படி இருந்தது என்று ஞாபகமில்லை.

டிசம்பர் 2, செவ்வாய்

மழை விடவேயில்லை. காலையில் கடை திறந்து ஊதுபத்தி கொளுத்தும்போது தலைக்கு மேல் புளியமூட்டை சரிந்த மாதிரி ஒரு சத்தம். வெளியே ஓடினேன். மாடி முன்சுவர் தெருவில் கிடக்கிறது. அடுப்பும் கூடவே வந்துவிட்டது. அண்டா இரண்டும் நசுங்கி, ஊறப் போட்டிருந்த பருப்பு சாக்கடையில் ஓடுகிறது. தேசம்மா காசிமேட்டில் மீன் வாங்கப் போயிருந்தாள். கூட வேலை செய்கிற பொம்பளையும் அப்போதுதான் தண்ணீருக்கு இறங்கியிருந்தாள். ஒருவருக்கும் அடியில்லை.

விழுந்த கல்லை எடுத்துப் பார்த்தேன். கையில் பிசைந்தால் பிசைய வருகிறது, களிமண்தான்.

தேசம்மா மீன் கூடையோடு வந்து நின்றாள். அண்ணாந்து மாடியைப் பார்த்தாள். அவள் அடுப்படி தெருவுக்குத் திறந்து கிடந்தது. சுவரில் மாட்டியிருந்த அவள் புருஷன் படம் இன்னும் ஒரு ஆணியில் ஆடிக்கொண்டிருந்தது. பிறகு என்னைப் பார்த்தாள். கூடையிலிருந்து ஐஸ் தண்ணீர் அவள் கால் மேல் சொட்டிக்கொண்டே இருந்தது, நகரவில்லை.

டிசம்பர் 3, புதன்

மாநகராட்சியிலிருந்து ஒரு இன்ஜினியர் வந்தார். சேற்றுக் காலோடு கடைக்குள் வந்து, விரித்து வைத்திருந்த சாக்கு மேலேயே நின்றார். ஒரு மன்னிப்பு கிடையாது. மாடிக்கு சீல். இனி மேலே யாரும் அடுப்பு மூட்டக் கூடாது.

"இந்தக் கல்லுல பூச்ச எடுத்தா நிக்காதுன்னு யாருக்குமே தெரியாதா? இங்க பழைய ஆளு நீங்கதானாமே. உங்களக் கேட்டாங்களா?"

ஹரிகிருஷ்ணா இந்தப் பக்கம் நின்றான். தேசம்மா படிக்கட்டில் உட்கார்ந்திருந்தாள்.

"எனக்கு என்ன சார் தெரியும்? நான் கயிறு விக்கிறவன்" என்றேன்.

சாக்கைக் கழுவ இரண்டு வாளித் தண்ணீர் ஆயிற்று. அப்படியொரு சேறு.

டிசம்பர் 4, வியாழன்

பிராட்வே இடத்துக்குச் செல்போன் கவர் விற்கிறவன் வந்துவிட்டானாம். தேசம்மா மிச்சம் இருந்த பாத்திரங்களை ஒரு மீன்பாடி வண்டியில் ஏற்றிக்கொண்டு போனாள். போகிறேன் என்று சொல்லவில்லை. ஓட்டலில் சாப்பிட்டேன். சாம்பாரில் கரப்பான் கால். கண்றாவி.

டிசம்பர் 22, திங்கள்

விழுந்த இடத்தில் சாம்பல் நிற ஹாலோ பிளாக் வைத்து நாலே நாளில் சுவர் எழுப்பிவிட்டார்கள். இன்று அட்டைப்பெட்டி அட்டைப்பெட்டியாக இறங்கியது. என்னவென்று பார்த்தால், செங்கல் மாதிரி அச்சடித்த டைல்ஸ். உதிர்ந்த மாதிரி, சுண்ணாம்பு ஒட்டின மாதிரி, நூறு வருஷ மழை பட்ட மாதிரி, எல்லாம் மெஷினில் அடித்தது. நிஜச் செங்கல்லைக் காட்ட வேண்டுமென்று பூச்சை உரித்தார்கள். நிஜச் செங்கல் விழுந்ததும், மாடியிலிருந்து கீழ்ச்சுவர் வரைக்கும் செங்கல் படத்தை ஒட்டுகிறார்கள்.

வாசலுக்கு ஓடிப்போய் வாந்தி எடுத்தேன். ஓட்டல் சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை.

ஜனவரி 9, வெள்ளி

திறப்பு விழா. சந்து முழுக்கக் கார். மூலையில் என் சாமி டைல்ஸைப் பெயர்த்துவிட்டு, பூந்தொட்டி வைத்திருக்கிறார்கள். தொட்டிக்குள்ளேயே போயிருக்கிறான் எவனோ.

கப்பல் கதை பித்தளைப் பலகையில் மின்னுகிறது. அப்பா படத்துக்கு மேலே விளக்கு. என்னைக் கல்லாவில் உட்காரச் சொன்னார்கள். வருகிறவர்கள் கண்ணாடி வழியாகப் பார்த்து, கையை ஆட்டினார்கள். மிருகக்காட்சிசாலையில் சனிக்கிழமை மாதிரி இருந்தது. காபியில் பூ போட்டுக் கொடுத்தார்கள். ஆறிப்போன பால் நாற்றம்.

ஒரு அம்மாள், நல்ல பட்டுச் சேலை, என் கடை வாசலை ஒட்டின டைல்ஸ் சுவரைத் தடவிக்கொண்டே என்னிடம் வந்து கேட்டாள். "ஐயா, நீங்க இங்க ரொம்ப வருஷமா இருக்கீங்களாமே. இந்தச் செங்கல்லாம் அந்தக் காலத்துதா?"

ஹரிகிருஷ்ணா என்னைப் பார்த்துச் சிரித்தான். ஆமாம் என்று நான் சொல்வேன் என்ற சிரிப்பு.

கயிறு அறுக்கிற கத்தியை எடுத்துக்கொண்டு போனேன். ஒரு டைல்ஸின் ஓரத்தில் விட்டு நெம்பினேன். பட்டென்று வந்துவிட்டது. அந்த அம்மாள் கையில் வைத்தேன்.

"பின்னாடி பாருங்கம்மா, கம்பெனி பேரு போட்டிருக்கு. போன மாசம் ஒட்டினது. இதுக்கு நேர் மேல, மாடியில, ஒரு பொம்பள அடுப்பு வச்சிருந்தா. அந்தச் சுவரு விழுந்திடிச்சி. விழும்னு எனக்குத் தெரியும்."

அந்த அம்மாள் அதைச் சூடான பாத்திரம் மாதிரி என் கையிலேயே திருப்பி வைத்தாள். விழாவுக்குப் போட்டிருந்த பாட்டை நிறுத்திவிட்டார்கள். ஹரிகிருஷ்ணா என் தோளில் கை போட்டு வெளியே கூட்டிக்கொண்டு வந்தான். "நாளைக்குப் பேசலாம் அங்கிள்" என்றான். சிரிப்பு அப்படியே இருந்தது.

ஜனவரி 10, சனி

பேசினான். மார்ச்சுக்குள் காலி செய்ய வேண்டுமாம். அப்பா படம் மட்டும் அங்கேயே இருக்குமாம், வருகிறவர்களுக்குப் பிடித்திருக்கிறதாம்.

ஜனவரி 11, ஞாயிறு

போகிக்கு முந்தின ஞாயிறு. பழக்க தோஷம், சுண்ணாம்பு வாங்கி ஊற வைத்துவிட்டேன். அடிப்பதற்குச் சுவர் ஏது? கடைக்கு உள்ளே பின்சுவரில் கொஞ்சம் பழைய பூச்சு இருக்கிறது, அதற்கு அடிக்கலாமென்று ஏணியைச் சாத்தினேன். மூன்றாவது படியிலேயே ஆடியது. இறங்கிவிட்டேன்.

ஜனவரி 12, திங்கள்

பீச் ஸ்டேஷன் பக்கம் தேசம்மா தள்ளுவண்டி போட்டிருக்கிறாள் என்று ஒரு லோடுமேன் சொன்னான். பெயர்த்த டைல்ஸைப் பையில் போட்டுக்கொண்டு மத்தியானம் போனேன். அங்கே மூத்திர நாற்றம் நம் சந்தை விட மோசம். பஸ் புகை வேறு. வண்டிக்கு மேலே கூரை இல்லை, ஒரு பழைய பேனரைக் கட்டியிருக்கிறாள், அதில் ஓட்டை. நெற்றியெல்லாம் வேர்வை. அடுப்பைக் காற்று அணைக்க அணைக்கக் குனிந்து குனிந்து ஊதுகிறாள்.

வரிசையில் நின்றேன். என் முறை வந்தது.

டைல்ஸை எடுத்துக் காட்டினேன். விழாவில் எல்லோர் முன்னாலும் பெயர்த்ததை, சொன்னதை, கடையைக் காலி பண்ணச் சொல்லிவிட்டதை, எல்லாம் சொன்னேன். நல்ல தார்ப்பாயாக ஒன்று நாளைக்கே கொண்டுவந்து கட்டித்தருகிறேன் என்றும் சொன்னேன். அவள் கரண்டியைக் கீழே வைக்காமல் கேட்டாள்.

"அல்லாரு முன்னாலயும் சொன்னியா?"

"சொன்னேம்மா."

"என்கிட்ட மட்டும்தான் சொல்லல."

டைல்ஸை மறுபடி பையில் போட்டுக்கொண்டேன். பின்னால் நின்றவன் செருமினான்.

"ஒரு சாப்பாடும்மா" என்றேன்.

"தீந்துபோச்சி அண்ணாச்சி."

மணி ஒன்றுகூட ஆகவில்லை. அண்டா நிறையச் சோறு, ஆவி வந்துகொண்டிருந்தது. சட்டியில் வஞ்சிரம், நடுத்துண்டு மேலேயே கிடந்தது. நான் ஒதுங்கி நின்றேன். பின்னால் நின்றவனுக்குத் தட்டை எடுத்துப் போட்டாள்.